தேமல் விழுந்த வாய்பிளந்தான்

முதலில் அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தம்பி. வரிசை மாறினால் நியாயம் விளங்காது. தொழிற்சங்கத்து கேட் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவன் நான், எனக்குத் தெரியும்.

முதலாவது, பூதக் கம்பெனியில் காலை டீயை நிறுத்தினார்கள். கம்பெனிக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் திருநெல்வேலிப் பேட்டை முழுக்க அதற்குப் பூதக் கம்பெனி என்றுதான் பெயர். நீங்கள் ஊர் ஊராகத் தேடி அலைகிறீர்களே, இந்தச் சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் பூதங்கள், அங்கேதான் வார்த்தோம். வத்தல் பாக்கெட்டுக்குள் ஒன்று போட்டு விற்பார்கள், பிள்ளைகள் அதற்காகவே வாங்கும். இரண்டாவது, டீ எங்கே என்று கேட்ட குற்றத்துக்கு என்னை வார்ப்பு மிஷினிலிருந்து தூக்கி அரவை மிஷினில் போட்டார்கள். மூன்றாவது, அரவைத் தூசியில் எனக்கு இருமல் வந்தபோது கம்பெனி டாக்டர் அதைப் பீடி இருமல் என்று எழுதினான். பீடியை நான் கையால் தொட்டவனில்லை. நான்காவது, எங்களோடு வேலை பார்த்த வடிவு என்ற பெண்ணைக் கம்பெனி கேட்டில் பிடித்தது. ஐந்தாவது, எங்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆறாவது, என் சொந்தச் சங்கமே சுவரிலிருந்த என் படத்தைக் கழற்றிவிட்டு நகைக்கடைக் காலண்டரை மாட்டியது. ஏழாவது, நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற உங்கள் ஆட்கள் வழவழத் தாளில் புத்தகம் போட்டு, ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்து, வார்த்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதிவிட்டீர்கள். இந்த ஆவுடையப்பன் உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு கார்டு போட்டிருந்தால் எல்லாப் பெயரையும் சொல்லியிருப்பேன்.

வடிவும் எனக்கு ஒன்று செய்தாள். அதற்கு நான் எண் கொடுக்கவில்லை.

டீயைக் குடியுங்கள், ஆடை கட்டிவிடும். பெட்டியைத் திறந்து பாருங்கள், கூச்சம் வேண்டாம். முட்டை அட்டையில் வைத்திருக்கிறேன், குழிக்கு ஒருவன். இவன் ஒத்தைக்கண்ணன். இவன் பல்லிமூஞ்சி. இவன் கொம்பன், ஒரு கொம்பு எலி கடித்தது. வயிறு தள்ளிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி நிற்கிறானே, இவன் பெயர் சூப்ரண்டு. எங்கள் சூப்பர்வைசருக்கு அப்படியே இதே தொப்பை, கோபம் வந்தால் இதே கை. வடிவு வைத்த பெயர். அவர் ஒரு நாள் அவள் வேலை பார்த்த மேஜைப் பக்கம் வந்து, "இது என்னட்டீ உருப்படி?" என்று கேட்டிருக்கிறார். "ஆபீஸ் அய்ட்டம் சார், கை வைக்கப் பயமா இருக்கு" என்றாளாம். மேஜை முழுக்கச் சிரித்ததில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நீங்கள் தேடி வந்தது அந்தக் காலிக் குழியில் இருந்தவனை. தெரியும். தேமல் விழுந்த வாய்பிளந்தான். ஊரிலேயே ஒன்றுதான் மிச்சம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். இப்போது அவன் இங்கே இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

தேமல் என்றால் என்னவென்று உங்கள் புத்தகத்தில் தப்பாக எழுதியிருக்கிறது. மிஷினில் பச்சை ஓடிக்கொண்டிருக்கும்; திடீரென்று சிவப்பு போடு என்பார்கள். பழைய நிறம் முழுக்க வெளியேறும் வரைக்கும் இரண்டும் கலந்து, திட்டுத் திட்டாக, வரி வரியாக வரும். தோலில் தேமல் விழுந்த மாதிரி. விற்பனைக்கு ஆகாது. அரவையில் போட்டு மறுபடி உருக்க வேண்டும். அரவையில் நின்றவன் நான்தானே. கூடையில் கைவிட்டு ஒன்றிரண்டு எடுத்துப் பெண்கள் கையில் கொடுப்பேன், வீட்டில் பிள்ளைகளுக்காக. எல்லாரும் எடுப்பார்கள். சூப்பர்வைசரே எடுப்பார். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை, திருட்டில்லை என்று சொன்னதுமில்லை. வழக்கம், அவ்வளவுதான்.

வடிவு பிசிறு வெட்டும் மேஜையில் இருந்தாள். வார்ப்பிலிருந்து வரும்போது ஓரத்தில் மெல்லிசாகப் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிளேடால் சீவ வேண்டும். சீவிவிட்டுக் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்ப்பாள். அப்போது இருபது வயது இருக்கும். எல்லாரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கூப்பிடுவது வேறு மாதிரி இருக்கும். அது கிடக்கட்டும்.

அன்றைக்கு அவள் கேட்டது வாய்பிளந்தான். தம்பிக்காரனுக்கு. பச்சையும் சிவப்பும் கலந்து, வாய்க்குள் மட்டும் சுத்தச் சிவப்பாக வந்திருந்தது. அப்படி ஒன்று அமைவது அபூர்வம். கொண்டைக்குள் செருகிக்கொண்டு போனாள். கேட்டில் புது வாட்ச்மேன். கொண்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டான்.

மானேஜர் கூப்பிட்டு, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போ என்றார். அதுதான் சூழ்ச்சி. மன்னிப்பு எழுதினால் திருட்டு என்று ஒப்புக்கொண்டதாகும். நாளைக்கு எல்லாரையும் அப்படிப் பிடிப்பான். நான் சங்க அலுவலகத்துக்கு அவளை வரச் சொன்னேன். கையில் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"அண்ணாச்சி, நான் எழுதிக் குடுத்துட்டு உள்ள போயிருதேன். எனக்கு இது ஒண்ணும் பெரிசாத் தெரியல."

"உனக்குப் பெரிசில்லை வடிவு, வர்க்கத்துக்குப் பெரிசு" என்றேன்.

"வர்க்கத்துக்கு யாரு மாப்ள பாக்கா? எனக்குப் பாத்துருக்காவ."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். கோவில்பட்டியில் ஒரு பையன், தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. சிரித்து முடித்ததும் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி என் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். போராட்டம் அப்படித்தான் தொடங்கியது.

சுவரொட்டி நானே எழுதினேன். இன்றைக்கும் மனப்பாடம். "பொம்மைத் திருடி எனப் பழி சுமத்தப்பட்ட சுடலைவடிவுக்கு நீதி எங்கே?" பெயர் ஆள் உயரம். 'பொம்மைத் திருடி' சிவப்பில், ஏனென்றால் அது கம்பெனியின் அவதூறு, கண்ணில் குத்த வேண்டும். 'எனப் பழி சுமத்தப்பட்ட' என்பது கொஞ்சம் சின்னதாகப் போய்விட்டது, தாளில் இடமில்லை. பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒரு சுவர் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரே நானே பசை தடவி ஒட்டினேன், அங்கேதான் கூட்டம் அதிகம். திருநெல்வேலியில் ஓர் ஏழைப் பெண்ணின் பெயர் அதற்கு முன்னால் அவ்வளவு பெரிதாகச் சுவரில் ஏறியதில்லை, தம்பி. பெரிய மனுஷன் செத்தால்தான் ஏறும்.

மறுநாள் பேட்டைத் தெருக்களில் ஒரு வேடிக்கை. வீட்டுக்கு வீடு பூதங்களைப் பொறுக்கிக் கிணற்றில் போட்டார்கள், அடுப்பில் போட்டார்கள். பிளாஸ்டிக் எரிகிற வாடை. உங்கள் ஆட்கள் எழுதுகிறார்களே, தேமல் பொம்மைகள் ஏன் இவ்வளவு அரிது என்று ஆராய்ச்சி செய்து? இதுதான் காரணம். கம்பெனி ஜனங்களை அந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருந்தது.

அந்த வாரமே கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். எதிரே சுவரைப் பார்த்தார்கள். அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு. என்ன ஒரு நிலப்பிரபுத்துவப் புத்தி பாருங்கள்! நான் சும்மா விடவில்லை. இரவோடு இரவாக இன்னொரு துண்டறிக்கை. "சுடலைவடிவைக் கைவிட்ட கோழை மாப்பிள்ளையே, பதில் சொல்!" அவள் தெருவில் வீட்டுக்கு வீடு நானே கொடுத்தேன். அவள் அப்பாவிடமும் ஒன்று கொடுத்தேன். மனுஷன் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். நன்றி சொல்லத் தெரியாத ஜனங்கள் நம்முடையவர்கள், அதை நான் குற்றமாக எடுப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனேன். பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டேன். "விடியமுன்ன கிளம்பிட்டாவ. எங்கனு சொல்லல" என்றார்கள்.

அதுதான் அவள் செய்தது. சொல்லாமல் போனது. யாருக்காக நாங்கள் கேட் முன்னால் பந்தல் போட்டுப் பட்டினி கிடந்தோமோ அவள் பந்தலுக்கே வரவில்லை. "வடிவு வரட்டும், பேசித் தீத்துக்கிடலாம்" என்றது நிர்வாகம். வடிவு எங்கே வர? மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அச்சுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

கல்யாணமா? எனக்கா? நேரமில்லை, தம்பி. இயக்கம்.

வடிவை வேலைக்கு விடாததை எதிர்த்துச் சங்கம் போட்ட வழக்கில் அந்த வாய்பிளந்தான்தான் சான்றுப் பொருள். கவருக்குள் வைத்து அரக்கு முத்திரை போட்டிருந்தார்கள். வழக்கு தள்ளுபடியானபின் மனு மேல் மனு போட்டு அவனைத் திரும்ப வாங்கினேன். அவனை வைத்துக்கொண்டுதான் மற்றவர்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். எல்லாரும் தேமல் எடுத்தார்கள், அவள் மட்டுமில்லை என்று நிரூபிக்க வேண்டும். என்றாவது அவள் வந்தால் பெட்டியைத் திறந்து, பார் வடிவு, இத்தனை வீட்டில் இருந்தது என்று காட்ட வேண்டும். வீடு வீடாக ஏறினேன். பாதி வீட்டில் இல்லவே இல்லை என்றார்கள். ரோசம்மாள் என்று ஒருத்தி, பிசிறு மேஜையில் வடிவுக்குப் பக்கத்து இடம். பரணிலிருந்து பல்லிமூஞ்சியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, "அண்ணாச்சி, எடுத்துக்கிடுங்க. எம்பேர மட்டும் எங்கயும் எழுதிராதீங்க, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றாள். எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள். உழைக்கும் பெண்களிடம்தான் அதைப் பார்க்கலாம்.

போன ஆவணியில் தங்கையா வந்தான். எங்களோடு வார்ப்பில் நின்றவன். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் வேலைக்குப் போகிறான். "அண்ணாச்சி, நம்ம வடிவப் பாத்தேன். வார முகூர்த்தத்துல அவ மவளுக்கு நிச்சயதார்த்தம், மண்டபம் பாக்க வந்தா. நான் பேசல. அவளும் என்னயக் கண்டுக்கிடல."

அன்று நான் தூங்கவில்லை. அழைப்பு இல்லைதான். போராட்டக்காரனுக்கு அழைப்பிதழ் எதற்கு? நான் என்ன சாப்பிடவா போகிறேன்? இத்தனை வருஷம் அவள் தலையில் அந்தப் பழி கிடக்கிறது. அவள் பெற்ற பெண்ணின் சபையிலேயே, நாலு பேர் முன்னால், அதைத் துடைத்துக் கொடுக்க வேண்டாமா? அச்சாபீசுக்குப் போய்த் துண்டறிக்கை அடித்தேன். "பொம்மைப் போரின் வீராங்கனை சுடலைவடிவு: ஒரு வரலாறு." ஒரு கட்டு. வாய்பிளந்தானைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலில் அவள்தான் நின்றாள், பன்னீர்ச் செம்போடு. தலை நரைத்திருந்தது. பட்டுச்சேலை. என் மேல் பன்னீர் தெளிக்கச் செம்பைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், நல்ல மனுஷன் மாதிரி முகம், பால்வண்ணன் என்று பெயர், இரும்புச் சாமான் கடை.

"யாரு மரகதம்?" என்று கேட்டார்.

யார் அந்த மரகதம் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"மாப்ள வீட்டு ஆளா இருக்கும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள். "மாப்ள வீடுதான, அண்ணாச்சி?"

அந்த அண்ணாச்சி மாறவே இல்லை, தம்பி. பெயரை மாற்றிவிட்டாள். அதை மாற்ற முடியவில்லை.

ஆமாம் என்றேன். ஒரு தந்திரம்தான். உள்ளே போக வேண்டுமே.

பையிலிருந்து பஞ்சைப் பிரித்து வாய்பிளந்தானை நீட்டினேன். அவள் இடுப்பில் ஒரு குழந்தை, அவள் கொழுந்தன் பேரன் என்று அப்புறம் தெரிந்தது. அவள் வாய்பிளந்தானைக் கையில் வாங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரல் நகம் மட்டும் அவன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை போய் வந்தது. அப்புறம், "பிள்ளைக்கு வெளாட்டுச் சாமான் கொண்டாந்தீங்களாக்கும், நல்லது" என்று சொல்லிக் குழந்தை கையில் கொடுத்துவிட்டாள். குழந்தை தலையை வாயில் வைத்துக் கடித்தது. பதறாதீர்கள். பொம்மை கடிக்கத்தானே வார்த்தோம். நீங்கள் அங்கே போய்க் கேட்கக் கூடாது, வீட்டு விலாசம் நான் தரமாட்டேன்.

வீட்டுக்காரர் என்னை முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். வயசாளி என்ற மரியாதை. கொஞ்ச நேரத்தில் அவளே காபித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து என்னிடம் குனிந்தபோது மட்டும் குரலை இறக்கினாள்.

"பையில என்ன?"

"உன் வரலாறு."

"எத்தன பேருக்கு?"

"மண்டபம் முழுக்கக் கொடுக்கலாம்."

அவள் இன்னும் குனிந்தாள். "எம்மவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கும் தெரியாது. மாப்ள வீட்டுல பேட்டை ஆளுவ உண்டு. ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன், இந்த ஒரு தடவ என்னய விட்டுருங்க."

"வடிவு, கம்பெனி உன் பேரையே பறிச்சுட்டுதே. அதைத்தான் நான் மீட்டுக் கொடுக்க..."

"கம்பெனியா?" சிரித்தாளா, அழுதாளா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "கம்பெனில அது ஒரு நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணாச்சி. நாலே பேரு. காபியக் குடிங்க, ஆறிப்போவும்."

போய்விட்டாள். விளக்கிச் சொல்ல அது இடமில்லை. முதலாளித்துவம் எப்படி ஒருவருடைய கோபத்தைத் தப்பான ஆள்மேல் திருப்பிவிடுகிறது என்பதை நிதானமாக உட்கார்ந்து சொன்னால்தான் புரியும். ஒரு நாள் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காபியைக் குடித்தேன். என்ன காபி என்று தெரியவில்லை.

தாம்பாளம் வைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, நிச்சய ஓலையைச் சபை நடுவில் சத்தமாக வாசிக்க வேண்டும். யார் மகன், யார் மகள், என்ன நாள் என்று வந்தவர்கள் அத்தனை பேரும் காதால் கேட்டால்தான் அவர்கள் சாட்சி. அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. அதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது. ஓலை வாசிக்குமுன் எழுந்து பேசிவிட வேண்டும். கட்டைப் பிரித்தேன். எழுந்து நின்றேன்.

தூணுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவள் மகள், தலை குனிந்து, வளையலைத் திருகிக்கொண்டு. அப்படியே இருபது வயது வடிவு. வாயைத் திறந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். "கண்ணாடிய வேன்லயே வச்சிட்டு வந்துட்டேன். மைக்கும் மக்கர் பண்ணுது. நல்லாக் குரல் உள்ளவுக யாராவது..."

"அந்தா, அந்த அண்ணாச்சி எந்திரிச்சிட்டாவள்ளா!" என்றது யாரோ. "வாங்க அண்ணாச்சி, நீங்களே வாசிங்க. நம்ம வீட்டு ஆளுதான?"

கையைப் பிடித்து நடுவில் கூட்டிப்போய்விட்டார்கள். துண்டறிக்கைக் கட்டு நாற்காலியிலேயே இருந்தது. என் கையில் மஞ்சள் தடவிய தாள். மண்டபம் நிசப்தமாகிவிட்டது. அப்படி ஒரு நிசப்தத்துக்கு முன்னால் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது, தம்பி. அவள் வீட்டுக்காரர் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சபை எழுதி வைத்ததை வாசிக்கிறவன் திருத்தக் கூடாது. ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக் கூடாது. நான் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் காத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நாளையும் நட்சத்திரத்தையும் வாசித்தேன். மாப்பிள்ளை பெயர், அவர் தகப்பனார், தாயார். மணப்பெண் பெயர். ஒரு தடவை கனைத்துக்கொண்டேன். தூண் பக்கம் பார்க்கவில்லை. கேட்டில் நின்று பேசுவேனே, அதே குரலில், கடைசி வரிசையில் இருந்த பேட்டைக்காரர்களுக்கும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்தேன்:

"பெண்ணைப் பெற்ற தகப்பனார், வள்ளியூர் பால்வண்ணன். பெற்ற தாயார், மரகதம்."